கர்னல் குடிக்காத டீ

“‘மார்ச் 13, வியாழன். ஒத்திகையில் ஒரு தவறு. கர்னல் சாகும் இடத்தில் இரண்டு வினாடி தாமதமாக வசனம் சொன்னேன்.’ ஏன் நெல்லி, இதையெல்லாமா டைரியில எழுதுவே?” இயக்குநர் க்ளைவ் நோட்டைத் திருப்பித் தந்தார்.

“எழுதிட்டா மறுபடி பண்ண மாட்டேன்ல.”

“இன்னிக்கும் லேட்டாச்சுன்னா நாடகமே போச்சு. ஊரே வந்து உக்காந்திருக்கு.”

நெல்லி நோட்டை வைத்துவிட்டு வசனப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அந்த ஊர் நாடகக் குழுவில் ஐந்து வருடமாக அவளுக்குத் திரையோர நாற்காலிதான். மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதிலும் தன்னால் குழப்பம் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

திரை விலகியது. துப்பறிவாளராக வந்த கசாப்புக்கடை நார்மன் பேச்சை ஒரு நொடி நிறுத்தியதுமே, “ஜன்னல் திறந்திருக்கே!” என்று ஓரத்திலிருந்து நெல்லியின் குரல்.

“தெரியும்மா! மூச்சு விட விடு!”

கூட்டம் சிரித்தது.

அடுத்து, கர்னல் வேடத்திலிருந்த தபால்காரர் பெர்சி வாயிலிருந்த சுருட்டை வைத்துவிட்டு டீக் கோப்பையைத் தூக்கினார். உதட்டில்கூடப் படவில்லை.

“ஐயோ, கர்னல் செத்துட்டாரே!” என்றாள் நெல்லி.

பெர்சி கோப்பையைப் பார்த்தார். நெல்லியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு அப்படியே சாய்ந்தார். கூரை அதிரும் சிரிப்பு.

இடைவேளையில் எல்லோரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, கொலையாளி யார் என்று சீட்டெழுதிப் பெட்டியில் போட்டார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை மிஸஸ் ஹார்ட்லி மட்டும் நேரே மேடைக்கு வந்தார்.

“க்ளைவ், பாவம், இந்தப் பொண்ணு நடுங்குது. வீட்டுக்கு அனுப்புங்க. மிச்சத்துக்கு நான் உக்காந்து வசனம் எடுத்துக் குடுக்கறேன்.”

நெல்லி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். “வேண்டாம் டீச்சர், ப்ளீஸ்! இன்னிக்கு நான் எந்திரிக்கவே மாட்டேன்!”

“மனுஷனை ஒரு வாய் டீ குடிக்க விடாம கொன்னுட்டியேம்மா!”

க்ளைவ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இருக்கட்டும் டீச்சர். அவளே முடிக்கட்டும்.”

கடைசிக் காட்சி. நார்மன் சீட்டுகளை ஆட்டிக் காட்டினார்.

“சமையல்காரி டீயில விஷம் வெச்சான்னு அத்தனை பேரும் எழுதியிருக்கீங்க. கர்னல் டீயே குடிக்கலையே! விஷம் சுருட்டுல இருந்துச்சு. அவர் சாகறதுக்கு முன்னாடியே செத்துட்டார்னு சொன்னது யாரு?”

அவர் விரல் திரையோரத்துக்குத் திரும்பியது. ஹாலில் இருந்த தலைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. நெல்லி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து, வெளிச்சத்துக்கு நடந்து வந்தாள்.

“பின்னே? அஞ்சு வருஷமா என்னை ஓரத்துலயே உக்கார வெச்சா?”

முதலில் எழுந்து நின்று கைதட்டியது மிஸஸ் ஹார்ட்லிதான்.

வீடு திரும்பிய நெல்லி எழுதினாள்: ‘மார்ச் 14, வெள்ளி. என் முதல் வேடம். கர்னல் சாகும் வசனம் இன்று சரியான நேரத்தில் வந்தது. தவறு: கைதாகும்போது சிரித்துவிட்டேன். நாளை: விலங்கு மாட்டும்போது முறைக்க வேண்டும்.’