மெமரியைத் தின்றது யார்?

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார் எல்பிடியோ.

பத்து மணிக்குக் கப்பல் டிக்கெட் விற்பனை தொடங்கும். பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். கல்லறைத் திருநாளுக்கு சொந்த ஊரான சிகிஹோர் தீவுக்குப் போய் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியே ஆக வேண்டும். பிரவுசரோ அசைய மறுத்தது.

பிலிப்பைன்ஸின் செபு நகர அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி மரிவிக் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, மெமரி தொண்ணூத்தாறு சதவீதம் போயிடுச்சு! பிரவுசர்ல ஏழு பிளக்-இன் போட்டிருக்கீங்க. தூக்கிடட்டுமா?"

"கையை வெச்சே, தொலைஞ்சே! ஒரு மாசமா ஒவ்வொண்ணாத் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்கேன்."

"டிக்கெட் வேணுமா, இதுங்க வேணுமா?"

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. எல்பிடியோ பல்லைக் கடித்தார்.

"தூக்கு!"

ஏழும் போயின. மெமரி செலவு நாற்பது சதவீதத்துக்கு இறங்கியது. பத்து மணிக்கு டிக்கெட் பக்கம் பட்டென்று திறந்தது. பத்து மூன்றுக்கு டிக்கெட் கையில்.

"அப்படி என்னதாண்ணே பண்ணிச்சு அந்த ஏழும்?"

எல்பிடியோ குரலைத் தாழ்த்தினார். "பிரவுசர் மெமரியைத் தின்னாமப் பாத்துக்கிற பிளக்-இன். முதல்ல போட்டது சரியாப் பாத்துக்கலைன்னு ரெண்டாவது போட்டேன். அதுவும் சரியில்லைன்னு மூணாவது..."

மரிவிக் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நம்ம ஆபீஸுக்கே வாசல்ல ஒரு செக்யூரிட்டிதாண்ணே! நீங்க ஒரு சோத்துச் சட்டிக்கு ஏழு பேரைக் காவல் போட்டிருக்கீங்க. அவங்களும் அதே சட்டியிலதானே சாப்பிடணும்?"