கிணற்றடிக் கல்

இங்கிலாந்தின் சின்னச் சந்தை ஊர் ஒன்றில் பழைய கல்லறைப் பெயர்களைப் படியெடுத்துக்கொண்டிருந்த வரலாற்றுக் குழுவினர், தேவாலயச் சுவரோரம் படர்கொடிக்குள் ஒரு தமிழ் எழுத்துக் கல்லைக் கண்டார்கள். ஊரில் இருந்த ஒரே தமிழச்சி, மருந்துக்கடை இந்துமதியைக் கூப்பிட்டார்கள். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. கல்லை மெல்லத் தடவி, "என் செல்ல மகளே, நிம்மதியாகத் தூங்கு" என்றாள். குழுத் தலைவர் அதை ஆங்கிலத்தில் பித்தளைத் தகட்டில் பொறித்துப் பக்கத்தில் பதித்தார். மகளைப் பறிகொடுத்திருந்த டோரீன் அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே பூ வைக்கிறாள்.

கோடையில் லண்டனிலிருந்து அப்பா வந்தார். தேவாலயத்துப் பக்கமே அவரைக் கூட்டிப்போகாமல் இந்துமதி பார்த்துக்கொண்டாள். ஆனால் சந்தையில் டோரீன் பிடித்துக்கொண்டாள். அவரைக் கையோடு கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "உங்கள் மொழியிலேயே ஒருமுறை வாசியுங்களேன்" என்று கேட்டாள்.

அப்பா கண்ணாடியை மாட்டினார். கல்லைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். பின்னாலேயே வந்து நின்ற மகளைப் பார்த்தார். பிறகு தேவாரம் ஓதுகிற குரலில் நிதானமாக வாசித்தார்:

"இது குடிதண்ணீர்க் கிணறு. இங்கே கால் கழுவக் கூடாது."

டோரீன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமென்" என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை."

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"நீ சொல்லும்மா" என்றார் மகளிடம்.