காலடி மண்

வாவிக்கரை வீதியில் ஞானமணி குனிந்து காலடி மண் எடுப்பதைப் பொலிஸ் சார்ஜன் உதயரூபன் தன் இரண்டு கண்ணாலும் கண்டார். காலடி மண் எடுப்பது மந்திர வேலைக்குத்தான் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மண் எடுத்தது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அக்கா.

மறுநாள் விடிந்தால் சர்வதேச நடைப்போட்டி. பல நாட்டு அணிகள் மட்டக்களப்பில் வந்து இறங்கியிருந்தன. ஓடக் கூடாது, நடக்க வேண்டும். அதையும் வயிற்றைக் கலக்கினவன் வளவு மூலைக்குப் போகிற அவசரத்தில் நடக்க வேண்டும். இதற்கும் ஒரு தங்கப் பதக்கம் இருக்கிறது.

ஜப்பான் அணியின் பாதுகாப்பு உதயரூபனின் தலையில் விழுந்திருந்தது. அவர்களுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நீதான் பொறுப்பு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலும் சார்ஜனுக்கு அந்தப் பொடியன்கள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அவர்களில் முதல் ஆளான ஹிரோட்டோ, காலையில் சார்ஜனைக் கண்டதும் இடுப்பு மடியக் குனிந்து வணக்கம் சொல்வான். இத்தனை வருட உத்தியோகத்தில் உதயரூபனுக்கு வீட்டு நாய்கூட அப்படிக் குனிந்ததில்லை.

இலங்கை அணியில் அக்காவின் மகன் சிவதர்ஷன் இருந்தான். எந்தப் போட்டியிலும் அவன்தான் முன்னால் போவான். போன இரண்டு முறையும் முன்னால் போனவனுக்கு வெளிநாட்டு நடுவர்கள் சிவப்பு மட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வெளிநாடு என்ற சொல்லைக் கேட்டாலே அக்கா பல்லைக் கடிப்பாள். இந்த முறையும் வெல்லாவிட்டால் அணியில் இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். மருமகன் வெல்லவேண்டும் என்று உதயரூபனும் சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார்.

அதற்காகக் காலடி மண் எடுப்பதா? பயிற்சி முடிந்து எல்லா அணிகளும் அந்த மணலில்தான் போயிருந்தன. சார்ஜன் சத்தமில்லாமல் அக்காவின் பின்னால் போனார். அவள் பூவரச மரத்துக்குக் கீழே நின்று, மந்திரிக்கிற வேலப்போடியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அண்ணன், மண் எடுத்திட்டன். பின்னேரம் கொண்டு வாறன். கால் நிலத்தோட ஒட்டின மாதிரி இரிக்கணும். இம்மியும் கிளம்பக் கூடா."

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூர்க்காரர் பகிடி விடுவதுண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த உதயரூபனுக்கு அது பகிடியில்லை. வேலப்போடி கட்டினால் கட்டினதுதான். அவர் கட்டி, வெருண்டு ஓடிய எருமை வயல் வட்டைக்கு நடுவில் அப்படியே நின்ற கதை ஊரறிந்தது. மருமகனை முந்தக்கூடியவன் ஹிரோட்டோ ஒருவன்தான் என்றால், இந்தக் கட்டு வேறு யாருடைய காலுக்கு?

மேலதிகாரியிடம் போய், 'ஐயா, ஜப்பான்காரனுக்குச் செய்வினை' என்றா சொல்வது? அவர் கொழும்பில் படித்தவர். சிரித்துக்கொண்டே இடமாற்றம் எழுதிவிடுவார். உதயரூபன் அக்காவிடமே பேசிப் பார்த்தார்.

"அக்கா, விளையாட்டில இதெல்லாம் பிழை."

"எது பிழை? பெத்த வயிறு எரியிறது உனக்கென்ன தெரியும்? நீ உன்ட வேலையைப் பாரு தம்பி."

மறுநாள் காலை போட்டி தொடங்கியபோது, அக்கா வீதியோரக் கதிரையில் ஒரு சிவப்புத் துணி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே என்ன இருக்கும் என்று சார்ஜன் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

முதல் சுற்றிலேயே சிவதர்ஷன் முன்னால். ஹிரோட்டோ எல்லோருக்கும் பின்னால், காலில் அம்மிக்கல் கட்டினவன்போல வந்துகொண்டிருந்தான். அந்த நிலைமையிலும் சார்ஜனைக் கண்டதும் தலையைக் குனிந்துவிட்டுப் போனான். உதயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் மருமகனுக்குத் தங்கம் நிச்சயம். ஆனால் நம்பி வந்த பிள்ளையை இப்படிக் கட்டிப்போட்டு வெல்கிற தங்கத்தை எந்த முருகன் முன்னால் கொண்டுபோய் வைப்பது? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்.

மகன் கடந்து போனபோது அக்கா எழும்பி நின்று கைதட்டினாள். முடிச்சு கதிரையில் வழுக்கி விழுந்தது. தண்ணீரில் போட்டால் எந்தக் கட்டும் அவிழும் என்று சார்ஜன் கேள்விப்பட்டிருந்தார். எடுத்தார், வாவியைப் பார்த்து வீசினார். அது ஒரு தரம் மிதந்து பிறகு மூழ்கியது.

வேலப்போடியின் தொழிலைக் குறை சொல்ல முடியாது. அடுத்த சுற்றிலேயே எல்லாம் மாறியது. ஹிரோட்டோ ஒவ்வொருவராகப் பின்தள்ளிக்கொண்டு வந்தான். கடமையைச் செய்த நிம்மதியில் உதயரூபன் மீசையைத் தடவிக்கொண்டார். அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது.

"இலங்கை வீரர் சிவதர்ஷன் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். நடக்கும்போது ஒரு காலாவது நிலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அவருடைய இரண்டு கால்களும் நிலத்தை விட்டு எழும்பிவிட்டன."

அக்கா பதறிப்போய்க் கதிரையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"முடிச்சு எங்கடா?"

"வாவியில. கோவிக்காத அக்கா, ஜப்பான்காரன்ட காலைக் கட்டி வெண்டா அது நாட்டுக்கே கேவலம்" என்றார் உதயரூபன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் விழுந்தாள்.

"அவன்ட காலை ஆரடா கட்டினது, அது என்ட மகன்ட காலடி மண்ணடா."