ரெண்டு மெஷினுக்கும் ஒரே ஃபைல்

"என் கம்ப்யூட்டரை மட்டும் விட்டுடேன், யோகேந்திரா!"

லீலாவதி கெஞ்சியே விட்டாள்.

"ரெண்டுக்கும் ஒரே ஃபைல்தான் அக்கா. ஒண்ணை விட்டா அர்த்தமே இல்ல," என்றான் யோகேந்திரா, தலையைத் திருப்பாமல்.

தீவில் பா என்கிற சின்ன டவுனில் கோவிந்தின் கரும்பு லாரி ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், அவ்வளவுதான். நாளைக்கு எந்த லாரி எந்த வயலுக்குப் போக வேண்டும் என்று டைப் அடிப்பது லீலாவதி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது யோகேந்திரா. சனிக்கிழமை அவனுக்கு ஆக்லாந்து விமானம்.

டிசம்பரில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. டாக்டர், டீச்சர், மெக்கானிக் என்று ஒவ்வொருவராகப் பிளேன் ஏறிவிட்டார்கள்.

"நீயும் போயிட்டா, கோளாறு வந்தா யாருடா பார்ப்பா?" என்று கோவிந்த் கத்தியதற்குத்தான் இந்த ஏற்பாடு.

"பாஸ், மெஷின் எப்படி இருக்கணும்னு ஒரே ஃபைல்ல எழுதி வெச்சிட்டேன். என்னென்ன புரோகிராம், எந்தப் பிரின்டர், திரை எப்படி, எல்லாம். மெஷின் அதைப் படிச்சுப் பார்த்துத் தானே அப்படி ஆயிடும். யாராவது நோண்டிக் கெடுத்தாலும் தானே திரும்பிடும். மெஷினே செத்துப்போச்சா, புதுசு வாங்கி இந்த சிடியைப் போடுங்க, போதும்."

"அப்ப கையால எதையும் மாத்த முடியாது?"

"மாத்தினா நிக்காது பாஸ்."

கோவிந்துக்கு வாயெல்லாம் பல். லீலாவதிக்குத்தான் அது இடி.

அவள் கண்ணில் புரை. கண்ணாடிக்கும் அடங்கவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றால், ஊரில் இருந்த ஒரே கண் டாக்டரும் பிளேன் ஏறிவிட்டார். காலையில் வந்ததும் முதல் வேலையாகத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வாள். சாயங்காலம் கோவிந்த் வருவதற்குள் சின்னதாக்கிவிடுவாள்.

அவர் வந்து அவள் பின்னால் நின்றுகொண்டு, "ம், படி" என்பார். லாரிப் பட்டியலை அவள் வரிசையாக ஒப்பிப்பாள். திரையில் ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் மனப்பாடம்! தப்புப் பிடிக்கத்தானே நிற்கிறார் என்று தினமும் உயிர் போய் உயிர் வரும்.

சும்மா பயமில்லை. போன வருஷம் கூட டைப் அடித்துக்கொண்டிருந்த பாப்பம்மா கண் தெரியாமல் ஒரு பெயரை மாற்றி அடித்துவிட்டாள். சிவன் என்கிற குடியானவர் வயலுக்குப் போக வேண்டிய லாரி வேறெங்கோ போய் நிற்க, வெட்டின கரும்பெல்லாம் வெயிலில் காய்ந்தது. "கண்ணு தெரியாதவளுக்கு இங்க என்ன வேலை?" என்று அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் கோவிந்த்.

லீலாவதியின் புருஷனுக்கோ குத்தகை முடிந்து நிலம் போய்விட்டது. அவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

'இந்த யோகேந்திரா காலையில எத்தனை தரம் என் திரையை எட்டிப் பார்த்திருக்கான்! தெரிஞ்சே பண்றானே! பிளேன் ஏறப்போறவனுக்கு என்ன? போற போக்குல என் சோத்துல மண்ணைப் போடறான், பாவி!'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிந்த் வந்தார். பட்டியல்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்ததையெல்லாம் அழித்தான் யோகேந்திரா. சிடியைப் போட்டான். லீலாவதி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் திரை வெளிச்சமானது. மறுநாளுக்கான லாரிப் பட்டியலைத் திறந்தான்.

இரண்டு திரையிலும் எழுத்து கொட்டை கொட்டையாக வந்து நின்றது!

லீலாவதி முதல் வரியை வாய்க்குள் படித்துப் பார்த்தாள். யோகேந்திரா அவள் பக்கமே திரும்பவில்லை.

"அரே, என்னடா இது, சினிமா போஸ்டர் மாதிரி? யார் கேட்டா?"

"யாரும் கேக்கல பாஸ், நானாத்தான் எழுதினேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க. ஒரு வரியை மாத்தினா சின்னதாயிடும். நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

கோவிந்த் வாயைத் திறந்தார்.

"மாத்தாதீங்க பாஸ்!" அவளையும் மீறிக் கத்திவிட்டாள் லீலாவதி. "எனக்குக் கண்ணு தெரியல. சின்ன எழுத்துல ஒண்ணுமே தெரியல. மாத்திட்டா என் பொழப்பு போச்சு."

"அப்ப தினம் சாயங்காலம் படிச்சியே?"

"எல்லாம் மனப்பாடம் பாஸ்."

அவ்வளவுதான், வேலை போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கோவிந்த் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் விரலை வைத்து, வரி வரியாகத் தானே படித்தார். கடைசி லாரி வரைக்கும் படித்தார்.

"நல்ல ஜோடி போ!" என்றார் மெதுவாக. "நீ பார்க்காம ஒப்பிச்சிருக்கே, நான் தெரியாம தலையாட்டியிருக்கேன். எனக்கும் கண்ணு போய் ரொம்ப நாளாச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் தினமும் உன்னைப் படிக்கச் சொன்னேன்."

லீலாவதி யோகேந்திராவைப் பார்த்தாள். அவன் மும்முரமாக வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

கோவிந்த் கொட்டை எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பாப்பம்மாவைத் திங்கக்கிழமை வரச் சொல்லும்மா. இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கறேன். அதுலயும் இந்த சிடியைப் போட்டுடலாம்."