வண்டியில்தான் கோளாறு

கிளட்சிலிருந்து இடது காலை மெல்ல எடுத்தார்.

கார் ஒரு முறை உதறியது. பிறகு முட்ட வரும் மாடு மாதிரி முன்னால் பாய்ந்து, நின்றுபோனது.

வெளியே மெக்கானிக் மிக்கேல் நின்றிருந்தான். கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

இந்த மாதத்தில் மிக்கேலிடம் வண்டியைக் கொண்டுவருவது இது மூன்றாவது தடவை. கிளட்ச் பிளேட் புதிது. எண்ணெய் கசிந்து பிளேட்டில் படுகிறதோ என்று சீலை மாற்றியாயிற்று. என்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றியாயிற்று. பெடலிலிருந்து போகும் கம்பியைக்கூட நிமிர்த்தி, கிரீஸ் வைத்தாயிற்று. அறுபத்திரண்டாம் வருடத்து வண்டி. இனிமேல் கழற்றிப் பார்க்க அதில் ஒன்றும் பாக்கியில்லை.

மிக்கேல் ஓட்டினால் வெண்ணெயாக நகர்கிறது. அதுதான் அவருக்கு எரிச்சல். மெக்கானிக்கைக் கண்டதும் வண்டி நல்ல பிள்ளை வேஷம் போடுகிறது.

கோளாறு வண்டியில்தான்.

வண்டியில்தான் இருக்க வேண்டும்.

போன மாதம் மார்க்கெட் வாசலில் இப்படித்தான் பாய்ந்தது. பக்கத்தில் இருந்த மனைவி ராசகனியின் நெற்றி முன்னால் போய் மோதியது. நான்கு தையல்.

முன்பெல்லாம் அவர் வண்டியைக் குறை சொன்னால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சீண்டுவாள். தையலுக்குப் பிறகு சீண்டுவதில்லை. எங்கே போனாலும் ஆட்டோ.

"வண்டி சரியானப்புறம் சொல்லுங்க" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அலைகிறார். நாற்பது வருடம் அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணயர்ந்தவள். அவளுக்கு இப்போது அவர் பக்கத்தில் உட்காரவே பயம்.

மறுபடி சாவியைத் திருப்பினார்.

கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று முன்பு அவருக்கு அத்துப்படி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இப்போது மேலேயா, கீழேயா, ஒன்றும் பிடிபடவில்லை. பிளேட் மட்டமான சரக்காக இருக்கும்.

மறுபடி பாய்ச்சல்.

இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். சித்திரை மாதத்து மத்தியானம். தார் ரோடு இளகிக் கிடந்தது. வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் தூக்கினார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டித் திட்டினார். பிளேட் விற்ற கடைக்காரனுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

மிக்கேல் பெடலைப் பார்க்க மறுபக்கம் போனான். கதவைத் திறந்து குனிந்தவன், பெடலுக்கு அடியில் கையை விட்டான்.

திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு செருப்பு இருந்தது.

"அண்ணாச்சி, ரோடு இப்படிக் கொதிக்கே. கால் சுடலியா?"

அவர் குனிந்து பார்த்தார்.

வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுமனே தாரில் ஊன்றியிருந்தது. விரலிடுக்கில் தார் ஏறி, ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

விரல்களை அசைத்துப் பார்த்தார். அசைந்தன. யாருடைய விரல்களோ அசைவதைப் பார்ப்பது போலிருந்தது.

மிக்கேல் செருப்பை அவர் காலருகே வைத்தான். அவர் போட்டுக்கொள்ளவில்லை. பானெட்டைப் பிடித்தபடி நின்றார்.

குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ராசகனி கேட்டா, கிளட்சுதான்னு சொல்லுடே."