கட்டித் தருவோம்

தலைவர் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அவளுக்கு வாய் கூசியது. சொன்னவருக்குக் கூசவில்லை.

உலகத் தலைவர்கள் கூடும் மாநாட்டு மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, அவர் பேசப் பேச மொழிபெயர்ப்பது அவள் வேலை. அவர் ‘நாங்கள்’ என்றால் இவளும் ‘நாங்கள்’ என்றே சொல்ல வேண்டும்.

கேட்பவர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். கடல் ஊருக்குள் புகுந்து வீடுவாசல் இழந்த நாட்டுக்காரர்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவளுடைய குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

இதே மனிதர் முதல் மாநாட்டில் “வீடு கட்டித் தருவோம்” என்றார். அடுத்ததில் “கட்டித் தர முயல்வோம்” என்றார். இன்றைக்கு, “கட்டித் தருவது பற்றிப் பரிசீலிப்போம்.”

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பக்கத்தில், தன் முறைக்காக உட்கார்ந்திருந்த மூத்த மொழிபெயர்ப்பாளரை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதவள் அந்த அக்கா. ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

“வினைச்சொல் வருஷா வருஷம் இளைச்சுக்கிட்டே போகுது. ஆள்தான் பெருத்துக்கிட்டே போறாரு. சரி, சொல்லு. காத்திருக்காங்க.”

அவள் சொன்னாள்: “கட்டித் தருவோம்.”

கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் கைதட்டியது. ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். எதற்கென்று தெரியாமலே கையை உயர்த்திக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்.

அக்காவின் விரல் மறுபடி பொத்தானுக்குப் பாய்ந்தது.

“என்னடி பண்ணிட்ட? திருத்தம்னு உடனே சொல்லு.”

“மாட்டேன்க்கா. வேணும்னா நீங்க சொல்லிக்குங்க.”

உரை முடிந்தது. முறை மாறி, ஒலிவாங்கி அக்காவிடம் போனது. இனி கடைசி வரிசையின் பேச்சைத் தலைவரின் காதில் சேர்க்க வேண்டியவள் அக்காதான்.

அங்கிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய தெரு இப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தது.

“கட்டித் தருவோம்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்க. எங்க ஜனங்ககிட்ட போய் அப்படியே சொல்லப் போறேன். சொல்லலாம்ல?”

அக்கா ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தாள். ‘பரிசீலிப்போம் என்றதற்கு நன்றி’ என்று மழுப்பிவிட்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. இளையவளின் வேலையும் தப்பிக்கும்.

அந்தப் பெண் சொன்னதை அக்கா ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

தலைவரின் கை காதுக்குப் போனது. திரும்பி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். அதற்குள் கேமராக்கள் எல்லாம் தலைவரின் முகத்துக்கு நேராகத் திரும்பியிருந்தன. அந்தப் பெண் இன்னும் உட்காரவில்லை.

தலைவர் மெல்லத் தலையசைத்தார்.

இளையவளுக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தலையசைத்துவிட்டு மறந்துபோனவர்களை நிறையப் பார்த்தவள் அவள். ஆனால் இந்தத் தலையசைப்பை உலகம் பார்த்திருந்தது.

உதவியாளர் கூண்டை நோக்கி விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார்.

அக்கா எழுந்துபோய்க் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.

“தண்ணி குடிச்சுக்கோ,” என்றாள். “அடுத்த தலைவர் மேடையேறுறாரு. உன் முறை.”