ஒரு மணி நேர மருந்து

“கல்யாணம் ஆகாத புள்ளைக்கு எதுக்குடி அந்த ஊசி?”

அப்பா படிவத்தைத் தள்ளிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திங்கள் காலை பத்து மணிக்கு ஸ்கூலுக்கு நர்ஸ் வருகிறார். அதுதான் கடைசி நாள்.

தங்கச்சி யாழினி ஒன்பதாவது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி, காசே இல்லாமல் போடுகிறார்கள். வீட்டில் கையெழுத்து வாங்கி வந்தால் போதும். அம்மா போட்டால் ஆகாதாம். போன வாரம் ஒரு அம்மா போட்டதற்கு, அந்தப் பொண்ணோட அப்பா வந்து ஸ்கூலையே ரெண்டு பண்ணிவிட்டாராம். அதனால் அப்பா கையெழுத்துதான் வேண்டுமென்று டீச்சர் சொல்லிவிட்டார். அப்பா கையெழுத்தை நானே போட்டிருப்பேன். யாழினிக்குப் பயம்.

“அது ஒரு வைரஸுங்கப்பா. எச்.பி.வி.ன்னு பேரு. புருஷனோட மட்டும் குடும்பம் நடத்துன பொம்பளைக்கும் வரும். நெறையப் பேருக்குத் தானா போயிரும். சில பேருக்குப் போகாம உள்ளயே உக்காந்துக்கும். பத்து இருபது வருசம் கழிச்சுப் புத்தா மாறும்.”

“பத்தாவதோட நின்னவ எனக்குப் பாடம் எடுக்கறயா?”

“நின்னுட்டா நோட்டீஸ் படிக்கத் தெரியாதுங்களா?”

“அந்த வைரஸ் எப்படி வரும்னும் நோட்டீஸ்ல போட்டிருக்குதில்ல? நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க? அங்கமுத்து மக எவங்கூடவோ சுத்தப்போறா, அதுக்கு இப்பவே ஊசின்னு பேசமாட்டாங்க?”

யாழினி தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“ஆத்தாயி அத்தை எதுல செத்தாங்க?”

“வயித்துல கட்டி.”

“கட்டியா? இதே புத்துதான். உங்க கூடப் பொறந்தவங்க எவங்கூடச் சுத்துனாங்க? சொல்லுங்க.”

விழுந்தது ஒரு அறை. காதுக்குள் ‘கொய்ங்’ என்றது.

அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அறையைவிட வலித்தது.

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் அம்மாவிடம் போனேன்.

“உனக்கெல்லாம் வாயி எதுக்கு? சோறு திங்கவா? அவளையும் அத்தை மாதிரி தூக்கிட்டுப் போனாத்தான் தொறப்பியா?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

“காலைல அஞ்சரைக்கு வேன் வந்துரும் சாமி. வேலைத் துணிய எடுத்து வெச்சுக்க.”

அவ்வளவுதான் பதில். அன்றைக்கு அவளோடு நான் பேசவே இல்லை.

நாங்கள் மூன்று பேரும் சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறோம். அப்பா சூப்பர்வைசர். அம்மாவும் நானும் குஞ்சுகளுக்கு ஊசி போடுகிற வரிசையில். மேசைக்கு ஒரு மிஷின், மிஷினுக்கு ஒரு ஆள். குஞ்சைப் பிடித்து அழுத்தினால் கழுத்தில் ஊசி இறங்கும். திங்கட்கிழமை பன்னிரண்டாயிரம் குஞ்சு. ஏழு மணிக்கு மருந்து கலக்கியாகிவிட்டது.

மலர்விழி என்று ஒரு பெண் அன்றுதான் புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

“ஏனுங்க சார், பொறந்த அன்னிக்கேவா ஊசி? பாவமா இருக்குதுங்க.”

சொல்லிக்கொடுப்பதென்றால் அப்பாவுக்கு உயிர்.

“இது மேரக்ஸ் ஊசி கண்ணு. அது ஒரு வைரஸு. உள்ள போச்சுன்னா ஈரல்ல, நரம்புல கட்டி கட்டியா வரும். கோழிக்கு வர்ற புத்துன்னு வெச்சுக்க. கிருமி உள்ள போறதுக்கு முன்னாடியே போட்டரோணும். போனதுக்கப்புறம் போட்டா ஊசியும் தண்டம், கோழியும் தண்டம். ஒரு குஞ்சு விடக்கூடாது. விட்டா அது நம்ம பண்ற பாவம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மிஷின் நின்றது. அம்மாவுடையது.

“ஏன் நிறுத்திட்ட கந்தம்மா? மிஷினுக்குக் காத்து வரலையா?”

“வருதுங்க.”

அம்மா இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் குஞ்சுப் பெட்டி மேல் வைத்தாள். யாழினியின் படிவம்.

“கையெழுத்துப் போடுங்க.”

“இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க புள்ள. கலக்குன மருந்து ஒரு மணி நேரந்தான் தாங்கும். வேலையப் பாரு. ஊட்டுல பேசிக்கலாம்.”

“ஊட்டுல நீங்கதானுங்க பேசுவீங்க.”

எதிர் மேசை சின்னாயி அக்கா மிஷினை நிறுத்தினார். அடுத்தது இன்னொன்று. கடைசியில் நானும் நிறுத்தினேன். எட்டு மிஷினும் நின்றுவிட்டன. ஷெட் முழுக்கக் குஞ்சுச் சத்தம் மட்டும்.

அப்பா என்னை முறைத்தார், நான்தான் தூண்டிவிட்டேன் என்று. சத்தியமாக இல்லை.

“பேனா இல்ல,” என்றார்.

மலர்விழி நீட்டினாள். முதல் நாள் வேலை அவளுக்கு.

பேனாவை வாங்கிக்கொண்டும் அவர் விடவில்லை. “இருந்தாலும், பதினாலு வயசுப் புள்ளைக்குப் போயி…”

பிறகு கையெழுத்துப் போட்டார். படிவத்தை வேனில் ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்ப, பத்து மணிக்கு யாழினிக்கு ஊசியும் போட்டாகிவிட்டது. அவரைக் கையெழுத்துப் போடவைத்தது வாய் கிழியக் கத்திய நானில்லை. அவர் அப்படி இழுத்தபோது ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து முகத்துக்கு நேரே நீட்டி, சத்தமே போடாமல் அம்மா கேட்டதுதான்:

“முட்டை போடறதுக்குக் கூண்டுக்குப் போற குஞ்சு. சாகற வரைக்கும் ஒரு சேவலோட மொகத்தக்கூடப் பாக்காது. இதுக்கு மட்டும் எதுக்குங்க ஊசி?”